லயத்தின் கடைசி வீடு

முதுகலை ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட மூன்றாவது கேள்வி இது: "நீங்கள் தோட்டத்தில் பிறந்தவர். நேர்காணல் கொடுத்திருப்பவர்கள் உங்கள் தோட்டத்துப் பெண்கள். அதில் ஒருவர் உங்கள் அம்மா. இதில் நடுநிலை எங்கே இருக்கிறது?"

எதிர்பார்த்த கேள்விதான். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகியிருந்தேன். வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒட்டுப்பால் என்பது ஒரு விளைபொருள், எனக்கு அது அம்மாவின் சேலையிலிருந்து போகாத நாற்றம் என்றேன். விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணின் அவசரத்தைக் கேள்வித்தாள் வைத்து அளக்க முடியாது என்றேன். ஆயாக் கொட்டகையில் அழுதுகொண்டு கிடந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி, அந்த அழுகையை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். கேள்வி கேட்ட பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். சிறு திருத்தங்களோடு தேறினேன். வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, "பாஸ்மா" என்றேன். "பசியாறினியா?" என்று கேட்டார்.

அந்தப் பதிலை அன்று நான் முழுசாக நம்பினேன். இன்று பாதியைத்தான் நம்புகிறேன். மீதிப் பாதிக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பதினொரு வயதாகும்போது அதை மூடினார்கள். மரங்களைச் சாய்த்து நிலத்தை வீடமைப்புக்குக் கொடுத்தார்கள். லயத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒரே மலிவு விலை அடுக்குமாடிக்கு இடம் மாறின. தரையோடு வாழ்ந்த பெண்கள் நான்காவது, ஐந்தாவது மாடிக்குப் போனால் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. கோழி வளர்க்க இடமில்லை. வாசலில் உட்கார்ந்து பேன் பார்க்க வாசலே இல்லை. வேலைக்காட்டில் முப்பது வருஷம் மரம் வெட்டிய கைகள் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு கூட்டிப் பெருக்கப் போயின. பதினான்கு பெண்களிடம் பேசினேன். ஆய்வேடு மலாயில் எழுதப்பட்டது. அவர்களில் யாராலும் அதைப் படிக்க முடியாது என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முக்கியமான பகுதிகளைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மீ கோரேங்கும் தேத்தண்ணியும் ஏற்பாடு. இப்படி ஆய்வை மக்களிடமே திருப்பிக் கொண்டுபோவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ரொம்பவே பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

சிலர் அழுதார்கள். சிலர் சிரித்தார்கள். "ஆமா, அப்படித்தான்" என்ற குரல் அடிக்கடி கேட்டது. எல்லாம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது, பின்னால் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அருகில் வந்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. எல்லாம் சரிதான். எங்க வீட்டுப் பக்கம் மட்டும் நீ வரவே இல்லையே."

அவர் எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவர். தோட்டத்தில் எல்லாருக்கும் முறை வைத்துக் கூப்பிடுவோம். பெரியம்மா, அத்தை, சித்தி, ரத்த சம்பந்தமே இல்லாத தாத்தாக்கள். இவரைக் கூப்பிட மட்டும் என்னிடம் ஒரு முறை இருந்ததில்லை. வீட்டில் பேச்சு வந்தால் "கடைசி வீட்டம்மா" என்போம். அவ்வளவுதான்.

நான் என்னமோ முனகினேன். நேரம் போதவில்லை, பதினான்கு பேரோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டு, "சரி சரி" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

*

நடந்தது என்ன என்பதை ஆய்வுமுறை பாஷையிலேயே சொல்லிவிடலாம். நான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது பனிப்பந்து முறையில். ஒருவரைப் பேட்டி எடுத்து, அவரிடமே "வேறு யாரைப் பார்க்கலாம்?" என்று கேட்டு, அவர் காட்டுகிறவரிடம் போவது. பட்டியல் எதுவும் இல்லாத சமூகங்களை ஆராய இது வசதியான வழி, பாடப்புத்தகங்களும் ஏற்றுக்கொண்ட வழி. நான் ஆரம்பித்தது அம்மாவிடமிருந்து. அம்மா பெரியம்மாவைக் காட்டினார். பெரியம்மா ஆயாக் கொட்டகைப் பாட்டியைக் காட்டினார். பாட்டி தன் மருமகளைக் காட்டினார். பனிப்பந்து உருண்டு உருண்டு பதினான்கு வீடு போனது. அது போன பாதையை இப்போது வரைந்து பார்த்தால், அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் பலகாரத் தட்டு போய்த் திரும்பி வந்த பாதை அப்படியே வருகிறது. தட்டு போகாத வீடுகளுக்கு என் ஒலிப்பதிவுக் கருவியும் போகவில்லை.

இதை நான் தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். ஆறு வயதோ ஏழு வயதோ இருக்கும். கடைசி வீட்டுக்கு ஏதோ ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். என்ன பொருள் என்று நினைவில்லை. கூடவே வந்த வார்த்தை நினைவிருக்கிறது: "உள்ள போகாத. வாசல்லயே நின்னு குடுத்துட்டு வந்துரு." போனேன். நின்றேன். கொடுத்தேன். வந்தேன். ஏன் என்று கேட்கவில்லை. ஏனென்று கேட்காத அளவுக்கு அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிட மோசம். ஒன்பதாவது நேர்காணலில், நாற்பத்தோராவது நிமிடத்தில், ஓர் அத்தை போகிறபோக்கில் சொன்னார்: "அப்பல்லாம் கோயில்ல கடைசி ரெண்டு வீட்டுக்காரங்களுக்குப் பந்தி தனிதானே." பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று ஒரு குரல், ஒரு சிறு இருமல். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பிறகு பதிவை எழுத்தாக்கி வண்ணம் தீட்டும்போது வேலைக்கு மஞ்சள், பிள்ளைகளுக்குப் பச்சை, நோய்க்குச் சிவப்பு என்று பிரித்தேன். அந்த ஒரு வரி மட்டும் வெள்ளையாகவே இருந்தது. 'ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுநிலை பற்றிக் கேட்ட பேராசிரியர், நான் என் மக்கள்மேல் உள்ள பாசத்தால் அவர்கள் வலியைப் பெரிதாக்கிவிடுவேனோ என்று பயந்தார். நடந்தது வேறு. வலியை நான் பெரிதாக்கவில்லை. வெட்கத்தைச் சின்னதாக்கிவிட்டேன். சொந்த அனுபவத்தை ஆராய்கிறவரின் நிஜமான ஆபத்து உணர்ச்சிவசப்படுவது அல்ல, விசுவாசமாக இருப்பது என்று இப்போது நினைக்கிறேன்.

*

ஆனால் சொந்த அனுபவத்தை ஆய்விலிருந்து வெளியேற்றிவிட்டால் நியாயம் வந்துவிடுமா? இல்லை. அதற்கு எதிரான சாட்சியங்கள் பலமானவை.

அமெரிக்க மானுடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோவும் அவருடைய மனைவி மிஷெல் ரொசால்டோவும் 1960களின் இறுதியில் பிலிப்பைன்ஸின் வடக்கு லூசோன் மலைகளில் இலொங்கோட் மக்களோடு வாழ்ந்து ஆய்வு செய்தவர்கள். இலொங்கோட்டுகள் தலைவேட்டை ஆடியவர்கள். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டால் பெரியவர்கள் சொன்ன பதில் மிகச் சின்னது: வேண்டியவர் செத்துப்போனால் துக்கத்திலிருந்து ஒரு கோபம் கிளம்புகிறது, அதை எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ரொசால்டோவுக்கு இந்தப் பதில் போதவில்லை. இதற்குள் வேறு ஆழமான காரணம் இருக்கும் என்று கோட்பாடுகளில் வருஷக்கணக்கில் தேடினார். 1981இல் மறுபடியும் களப்பணிக்குப் போயிருந்தபோது மிஷெல் மலைப்பாதையில் தவறி விழுந்து இறந்துபோனார். அந்த உடலின் பக்கத்தில் நின்றபோது தனக்குள் எழுந்த கோபத்தைப் பற்றி ரொசால்டோ பிறகு எழுதினார். அந்தப் பெரியவர்கள் எதையும் ஒளிக்கவில்லை, சுருக்கமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்கிறவரிடம்தான் அதை வாங்கிக்கொள்ளப் பாத்திரம் இருந்திருக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறொன்று. தன் துக்கமும் இலொங்கோட்டுகளின் துக்கமும் ஒன்றே என்று அவர் சொல்லிவிடவில்லை. தன் அனுபவத்தை ஒரு வாசலாகத்தான் வைத்தார், வீடாக வைக்கவில்லை.

இன்னொருவர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய அம்மாவுக்கு 1968இல் ஹண்டிங்டன் நோய் இருப்பது தெரியவந்தது. மூளை நரம்புகளை மெல்ல அழிக்கிற பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் அந்த நோயையே தன் ஆய்வாக்கிக்கொண்டார். வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரையின் ஏழைக் கிராமங்களில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக ஏராளமானவர்களுக்கு இருந்தது. 1979இலிருந்து ஆண்டுதோறும் ஒரு குழுவோடு அங்கே போய் வம்சாவளிப் பட்டியல் எழுதினார், ரத்த மாதிரிகள் சேகரித்தார். அந்த ரத்தம்தான் 1983இல் நோய்க்கான மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்ட உதவியது. 1993இல் மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கிராமத்தவர்கள் மாதிரி கொடுக்கத் தயங்கியபோது, வெக்ஸ்லரின் கையில் இருந்த தோல் மாதிரி எடுத்த தழும்பைக் காட்டி, இவரும் நம்மைப்போலத்தான் என்று சொன்னதாக ஒரு சம்பவம் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. பல்லாண்டுகள் தன் நிலை என்ன என்பதை வெளியே சொல்லாமலிருந்தவர், 2020இல் தனக்கும் அந்த நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார்.

அந்தத் தழும்பு பெரிய விஷயம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிற ஒருவருக்கு அந்த ரத்தம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் நோய் ஒன்றாக இருந்தாலும் வாழ்வு ஒன்றாக இல்லை. ரத்தம் கொடுத்த ஏரிக்கரைக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் வறுமையிலேயே இருக்கின்றன. உலகம் முழுமைக்குமான சோதனைமுறை அவர்கள் உடம்பிலிருந்து பிறந்தது. அதன் பலன் அவர்கள் வாசலுக்குப் போய்ச் சேர்வது வேறு கதை. வெக்ஸ்லர் உண்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'இவரும் நம்மைப்போல' என்ற சொல் எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

நானும் அம்மாவும் ஒரே ஒட்டுப்பால் நாற்றம்தான். ஆனால் ஆய்வேட்டின் பட்டம் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவின் பெயர், நெறிமுறை விதிப்படி, 'பங்கேற்பாளர் 1'.

*

இந்தியாவில் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் அரசியல் சிந்தனையாளர் கோபால் குரு. 2002இல் அவர் எழுதிய கட்டுரை இந்தியச் சமூக அறிவியலுக்குள்ளேயே ஒரு சாதிப் படிநிலை இருப்பதைக் காட்டியது. கோட்பாடு செய்கிறவர்கள் ஒரு பக்கம், அனுபவத்தையும் தரவையும் கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். தலித்துகள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே கோட்பாடாக்க வேண்டும் என்பது அவர் வாதம். தத்துவவியலாளர் சுந்தர் சருக்கை அவரோடு விவாதித்தார். அனுபவத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதை எழுதுகிறவர் இன்னொருவர், இந்த இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார். இருவரின் உரையாடலும் 2012இல் நூலாக வந்தது. ஆய்வு செய்ய நினைக்கிற தமிழ் இளைஞர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

அந்த விவாதத்தில் என்னை உலுக்கிய கருத்து ஒன்று உண்டு. வாழ்ந்த அனுபவம் என்பது வெறுமனே ஒன்றைப் பட்டுத் தெரிந்துகொள்வது இல்லை. அதிலிருந்து வெளியேறும் சுதந்திரம் இல்லாமல் இருப்பதுதான் அதன் அடையாளம். ஏழையாக இருப்பது எப்படி என்று பார்க்க ஒரு மாதம் குடிசையில் தங்குகிறவரிடம் எப்போதும் ஒரு கதவு இருக்கிறது. வேண்டாம் என்றால் திறந்துகொண்டு போகலாம். குடிசைக்காரருக்கு அந்தக் கதவு இல்லை.

இந்த அளவுகோலை எடுத்து என் மேலேயே வைத்துப் பார்த்தேன். தோட்ட வறுமையிலிருந்து வெளியேறும் கதவு என் அம்மாவுக்கு இல்லை. அதனால் அவர் அனுபவம் வாழ்ந்த அனுபவம். எனக்கு? பதினொரு வயதில் வெளியே வந்தாயிற்று, படித்தாயிற்று. ஆனாலும் பாதி எனக்கும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கடைசி வீட்டின் அனுபவம்? அதில் எனக்குத் துளி கூட இல்லை. அந்த வாசலில் நான் நின்ற ஒரு நிமிடத்தில், கதவு என் பக்கத்தில்தான் இருந்தது. நான் திரும்பி நடந்தேன். அவர் அங்கேயே இருந்தார்.

ஆக, 'உள்ளே இருந்து வந்தவள்' என்று நான் தேர்வு அறையில் சொன்னதில் ஒரு மோசடி இருந்திருக்கிறது. உள்ளே என்பது ஓர் அறை இல்லை. அது ஒரு லயம். முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு என்று நீண்டு கிடக்கிறது. நான் நடு வீட்டிலிருந்து வந்துகொண்டு முழு லயத்தின் பெயரில் பேசியிருக்கிறேன்.

இதை ஒப்புக்கொண்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பது கொஞ்சம் ஆறுதல். எம்.என். சீனிவாஸ் தன் சொந்த மைசூர் வட்டாரத்தில், ராம்புரா என்று அவர் பெயர் மாற்றி அழைத்த கிராமத்தில், 1948இல் தங்கி ஆய்வு செய்தார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டதில் அவருடைய குறிப்புகள் நாசமாயின. ஞாபகத்திலிருந்தே எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. அதில் தன் பார்வை மேல்சாதிப் பார்வையாகவே இருந்துவிட்டது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். பிராமணராக அவர் தங்கிய இடம், அவர் சாப்பிட்ட இடம், அவரோடு உட்கார்ந்து பேசியவர்கள், எல்லாம் சேர்ந்து அவர் கண்ணுக்கு எது படும் எது படாது என்பதைத் தீர்மானித்துவிட்டன. குறிப்புகள் எரிந்தது பெரிய இழப்பு. எரியாமல் இருந்திருந்தாலும், எழுதப்படாத வீடுகள் அதில் இருந்திருக்கப்போவதில்லை.

நம் நாட்டுக்கே வருவோம். ரவீந்திர கே. ஜெயின் என்ற இந்திய மானுடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். 1970இல் நூலாக வந்தது. தோட்டத்தில் பிறக்காதவர். ஆனால் உறவுமுறை, குடும்பம், நிர்வாகம் இவற்றோடு சாதியையும் எழுதினார். அவருக்கு அது பார்க்க வேண்டிய ஒரு விஷயம். எனக்கு அது மறைக்க வேண்டிய ஒரு விஷயம். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நான், தெரிந்தும் ஒரு வரியை வெள்ளையாக விட்டேன்.

*

அம்மாவிடம் இதைப் பேசினேன். பேசுவதற்கு மூன்று வாரம் ஆனது.

"ஏற்கெனவே நம்மள ஒரு மாதிரியாத்தான் பாக்குறாங்க. குடிகாரங்க, குண்டருங்கன்னு. இதுல நீ வேற நம்மளப் பத்தி எழுதணுமா?" என்றார்.

இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. இந்த நாட்டில் நாம் சிறுபான்மை. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் கதையே இன்னும் சரியாகச் சொல்லி முடிக்கப்படவில்லை. அதற்குள் நம் அழுக்கை எடுத்து நாமே வெளியே காயப்போட்டால், அதை எடுத்து நமக்கு எதிராக வீசுவதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். ஆய்வாளர் எழுதிவிட்டுப் போய்விடுவார், ஊர்தான் பேச்சைக் கேட்க வேண்டும். அம்மாவின் பயம் அறியாமை இல்லை, அனுபவம்.

ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் என்னை விடவில்லை. 'நம்மள'. அந்த நம்மளுக்குள் கடைசி வீடு இருக்கிறதா? கோயில் பந்தியில் தனியாக உட்கார வைத்துவிட்டு, வெளியார் ஏசும்போது மட்டும் நம்மளில் சேர்த்துக்கொள்வது என்ன கணக்கு?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் உரிமை. எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் பெருமையாக எழுதியிருக்கிறேன். சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்வது எவ்வளவு பெரிய அவமானம் என்று நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே தோட்டத்தில் 'உள்ள போகாத' என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவது அவமானம் என்பதும் தெரிந்தே இருக்கும். மேலிருந்து நமக்கு வந்ததை வரலாறு என்கிறோம். நம்மிடமிருந்து கீழே போனதை 'அந்தக் காலம்' என்கிறோம்.

சரி, அப்படியானால் எழுதிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இடம்பெயர்வு பற்றிய ஆய்வுக்கு. மகள் கேட்கிறாள் என்பதால், படித்துப் பார்க்காமலே போட்ட கையெழுத்து. ஒன்பதாவது நேர்காணலின் அத்தை என்னை நம்பிப் பேசினார். என்னை வீட்டுப் பிள்ளை என்று உட்கார வைத்துச் சோறு போட்டவர்களின் வாயிலிருந்து வந்ததை, அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாற்றுவதற்கு எனக்கு என்ன உரிமை? வெளியாள் என்றால் அவர்கள் எச்சரிக்கையாகப் பேசியிருப்பார்கள். சொந்தக்காரி என்பதால் எச்சரிக்கை இல்லாமல் பேசினார்கள். சொந்தம் என்பதே இங்கே ஒரு கருவியாகிவிடுகிறது. அதனால் அந்த வெள்ளை வரியை எடுத்து இப்போது வண்ணம் தீட்டி வெளியிட நான் தயாரில்லை. இங்கே அதைச் சொன்னதற்குக்கூட முதலில் அந்த அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். "எழுது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். எல்லாருக்கும் தெரிந்தது எங்குமே எழுதப்படாமல் இருக்கிறது.

*

கடைசியில் மூன்றாவது மாடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். ஒலிப்பதிவுக் கருவியும் புது ஒப்புதல் படிவமும் பையில் இருந்தன. ஆய்வுக் கட்டுரையாக விரிவாக்கப்போகிறேன், பதினைந்தாவது நேர்காணல் வேண்டும் என்று சொல்லத் தயாராகப் போனேன்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தேத்தண்ணி வைத்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"வேணாம்மா."

"உங்க பேர் வராது. யாருக்கும் தெரியாது."

"பேரு வந்தா என்ன, வராட்டி என்ன. நான் எதுக்குச் சொல்லணும்? எனக்கு நடந்தத எனக்குத் தெரியும். என் மகளுக்குச் சொல்லியிருக்கேன். அவ எழுதணும்னா எழுதிக்குவா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீதான் வாசல்ல நின்ன. நிக்கச் சொன்னவங்க உங்க வீட்டுல. அத நீ எழுது. என்னை ஏன் எழுதச் சொல்ற?"

அவருக்கும் அந்த நாள் நினைவிருந்தது.

போகும்போது, "உக்காந்ததுலேருந்து பாக்குறேன், நீ இன்னும் என்னை ஒண்ணுமே கூப்பிடல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

கோபால் குருவும் சருக்கையும் நூலில் விவாதித்ததை அவர் இரண்டு நிமிடத்தில் எனக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அவர் அனுபவத்துக்கு அவரே சொந்தக்காரர். எழுதுவதா வேண்டாமா, யார் எழுதுவது என்பதும் அவர் வீட்டுக் காரியம். எனக்குச் சொந்தமான அனுபவம் வேறு. வாசலில் நின்ற அனுபவம். அதிலிருந்து வெளியேறக் கதவு இல்லை என்றால், எனக்கும் அது வாழ்ந்த அனுபவம்தான். தோட்டப் பெண்களின் துன்பத்தை ஆராய்கிறேன் என்று புறப்பட்ட நான், ஆராயாமல் விட்டது என் வீட்டின் கையை.

நம்மில் பலர் இப்போது சொந்த வாழ்வை ஆய்வாக்குகிறோம். தமிழ்ப்பள்ளி, இடம்பெயர்வு, மனநோய், குடும்ப வன்முறை, குடியுரிமை இல்லாத பிள்ளைகள் என்று. நல்ல விஷயம். பட்டவர் எழுதாமல் யார் எழுதுவது? யாராவது உங்களிடம் நடுநிலை எங்கே என்று கேட்டால் பயப்பட வேண்டாம், எங்கிருந்து பார்க்கிறோம் என்று தெரியாமல் பேசுகிறவர்களைவிட நீங்கள் பரவாயில்லை. ஆனால் ஒரு சின்னச் சோதனையை நீங்களே செய்து பாருங்கள். எழுதி முடித்த ஆய்வில் உங்கள் பக்கத்தை வெட்கப்பட வைக்கிற ஒரு வரியாவது இருக்கிறதா? ஒன்றுகூட இல்லையென்றால், ஒருவேளை உங்கள் பக்கம் அவ்வளவு சுத்தமாக இருக்கலாம். பெரும்பாலும் பனிப்பந்து எங்கோ நின்றிருக்கும். வெளியாளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதுதான் நாம் கேட்கிற உரிமைக்கு ஆதாரம் என்றால், அப்படித் தெரிந்தவற்றில் சொல்லக் கூசுவதும் அந்த உரிமையோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

அன்று வீடு திரும்பியதும் அம்மா எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி குடுத்தாளா?"

"குடுத்தாங்க."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தார். நான் ஆய்வேட்டை எடுத்து, ஆய்வுமுறை அத்தியாயத்தில் 'பனிப்பந்து முறை' என்ற பத்தியின் கீழே எழுத ஆரம்பித்தேன். பனிப்பந்து எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது, எந்த வீட்டோடு நின்றது, அதை நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி என்று. அரைப் பக்கம்கூட வரவில்லை. ஆய்வேடு முழுவதிலும் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது அந்த அரைப் பக்கம்தான்.